சன்ரூஃபை அடைக்காதீர்கள், வடிகாலைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மழைக்கால வாகனப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். டயர், வைப்பர், பிரேக், பேட்டரி எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் மட்டும், சன்ரூஃப், அதாவது காரின் கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி, ஒழுகினால் அதைச் சுற்றி சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போன வருடம் இதே யோசனையைக் கேட்டு அப்படியே செய்தவள் நான். அதனால் ஐந்து மாதம் பட்ட பாட்டை எழுதினால், இந்த மழைக்கு முன் ஒரு பத்துப் பேராவது தப்பிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். தக்கலையிலிருந்து அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, திருவட்டாறு, குலசேகரம் வரை வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு வீடு, சில நாள் ஏழு. கார் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. வண்டி 2012 மாடல் செடான். 2021-ல் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். சன்ரூஃப் வேண்டும் என்று தேடிப் போகவில்லை. எங்கள் கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த நல்ல வண்டியில் அது இருந்தது, அவ்வளவுதான். வாங்கிய புதிதில் மகளுக்காக நாலைந்து தடவை திறந்திருப்பேன். பிறகு அப்படி ஒன்று தலைக்கு மேல் இருக்கிறது என்பதே மறந்துபோனது.

எங்கள் மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. இடவப்பாதி என்று பெரியவர்கள் சொல்லும் தென்மேற்கு மழை ஜூனில் பிடிக்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு வந்துவிடும். வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய புளியமரம் நிற்கிறது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது சுற்றிலும் இருந்த ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்த இரவில் அசையாமல் நின்ற மரம். வெயிலுக்கு நல்ல நிழல் என்று வண்டியை எப்போதும் அதன் கீழேதான் விடுவேன்.

போன ஜூனில் முதலில் தண்ணீர் வரவில்லை, வாடைதான் வந்தது. அம்மாதான் கண்டுபிடித்தாள். “வண்டியில நனைஞ்ச சாக்கு வாடை அடிக்கு” என்றாள். காலையில் கதவைத் திறந்தால் கண்ணாடி முழுக்க உள்பக்கம் புகை படிந்ததுபோல் இருக்கும். ஏசி போட்டு ஐந்து நிமிடம் ஆனால்தான் ரோடு தெரியும். மழைக்காலம், ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, வேர்க்கிளம்பி தாண்டி ஒரு வளைவில் ஆட்டோ குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். உள்கூரை விளக்கு வழியாகக் கால் டம்ளர் தண்ணீர் அப்படியே என் மடியில் கொட்டியது. அப்போது வெளியே மழை இல்லை. முந்தின நாள் பெய்த மழை கூரைக்குள் தேங்கிக் கிடந்து, பிரேக் பிடித்ததும் முன்னால் ஓடி வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை அன்றே யோசித்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். தண்ணீர் உள்ளே வந்தது மட்டும் பிரச்சினை என்றால் மழை பெய்யும்போது சொட்டியிருக்க வேண்டும். வெயிலில் சொட்டுகிறது என்றால் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது என்றுதானே பொருள்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் அடுப்புக் கல்லுக்கும் குளியலறைக்கும் பூசுகிற அதே கறுப்பு சிலிக்கானைக் கண்ணாடியைச் சுற்றி நாலு பக்கமும் இழைத்தார்கள். அறுநூறு ரூபாய். “இனி சொட்டு இறங்காது மேடம், ஆனா திறக்கக்கூடாது” என்றார்கள். இரண்டு வாரம் சொட்டவில்லை. நான் நிம்மதியாகிவிட்டேன். வெயில் வந்தது. கூரைத் தகடு சூட்டில் விரிவது ஒரு அளவு, கண்ணாடி விரிவது இன்னொரு அளவு. நடுவில் இருந்த சிலிக்கான் மூலைகளில் முடி போலப் பிளந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் மறுபடியும் இறங்க ஆரம்பித்தது.

இரண்டாவது இடத்தில் வடிகால் என்று ஒன்று உண்டு என்பதாவது தெரிந்திருந்தது. சிலிக்கானைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தார்கள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. “கிளியர் ஆயிட்டு” என்றார்கள். அன்று வாங்கிய வினைதான் பெரியது. அது வரை ஈரமாகாமல் இருந்த டிக்கி அதற்குப் பிறகு நனைய ஆரம்பித்தது. நோயாளிகளுக்கு வலிக்குக் கொடுக்கிற டென்ஸ் மெஷினை டிக்கியில்தான் வைத்திருப்பேன். ஒரு திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் பை முழுக்க ஊறி, மெஷின் உயிரில்லாமல் கிடந்தது. ஸ்டெப்னி கிடக்கிற குழியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர்.

மூன்றாவதாகப் பெரிய சர்வீஸ் சென்டர். சன்ரூஃபின் மொத்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டும், வேறு வழி இல்லை என்று கையில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வரி சேர்க்காமல் 87,400 ரூபாய். வண்டியை இன்றைக்கு விற்றால் இரண்டரை லட்சம் கிடைக்கலாம். மஸ்கட்டில் இருக்கிற கணவரிடம் சொன்னேன், பேசாமல் கொடுத்துவிடு என்றார். தெரிந்த டிங்கர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்றார். உண்மையைச் சொன்னால் அதற்கும் மனசு தயாராகத்தான் இருந்தது. அதற்குள் முன்சீட்டுப் பக்கம் கால் வைத்தால் மேட்டிங் சளக் சளக்கென்று சத்தம் போடும் நிலை. அம்மாவுக்குச் சர்க்கரை. கால் விரலிடுக்கில் ஈரம் தங்கிப் புண் வந்துவிட்டால் ஆறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது அம்மாவின் காலடியில் பிளாஸ்டிக் பாய் விரித்து, அதன்மேல் பழைய பெட்ஷீட் போட்டுத்தான் உட்கார வைத்தேன். வண்டி வைத்திருந்தும் பெற்றவளை அப்படி உட்கார வைக்க வேண்டியிருந்ததே என்று அழுகை வந்தது.

கார்த்திகை தொடங்கியபின்தான், என்னிடம் சிகிச்சை எடுக்கும் ஒருவர் சொல்லி, மார்த்தாண்டம் பக்கம் ஒரு குஷன் கடைக்குப் போனேன். சீட் கவர், ரூஃப் லைனிங் தைக்கிற இடம். அறுபது வயதுக்கு மேற்பட்ட அண்ணாச்சி ஒருவர், கூட ஒரு பையன். மெக்கானிக் இல்லையே, இவர் என்ன செய்வார் என்று யோசனையாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது, கூரைக்கு உள்பக்கம் என்ன இருக்கிறது என்று ஊரில் யாருக்காவது தெரியும் என்றால் அது லைனிங் கழற்றி மாட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் ஒரு கருவியும் எடுக்கவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “இது ஓட்டை இல்ல பிள்ளே, அடைப்பு. தண்ணி உள்ள வரத்தான் செய்யும். அது போகதுக்கு வழி இருக்கா, அதைத்தான் பாக்கணும், கேட்டியளா” என்றார். எனக்கு உடனே உறைத்தது. என் தொழிலிலும் தினமும் பார்ப்பதுதான். கை மரத்துப்போகிறது என்று வருவார்கள், நரம்பு நெரிபடுவது கழுத்தில் இருக்கும். நான்கு மாதமாக எல்லோரும் என் வண்டியில் மரத்துப்போன கையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவர் விளக்கியதை வாசகர்களுக்காக எழுதுகிறேன். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்கென்று செய்ததே கிடையாது. பெரும்பகுதியைத் தள்ளிவிடும், கொஞ்சம் உள்ளே இறங்கும். இறங்கும் என்று தெரிந்தேதான் கண்ணாடிக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு ஓடை மாதிரித் தட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டு வீட்டில் இரண்டு கூரை சேரும் இடத்தில் தகரத்தில் நீர்த்தாரை வைப்பதில்லையா, அது போல. அந்தத் தட்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓஸ் ஒன்று கீழே போகிறது. முன்னால் இரண்டும் முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூணுக்குள் இறங்கி, பெரும்பாலும் முன்கதவின் கீல் பக்கம் வெளியே வடியும். பின்னால் இரண்டும் பின்தூண் வழியாகப் போய் பம்பருக்கு உட்புறமோ சக்கரத்தின் பக்கமோ வடியும். வண்டிக்கு வண்டி வெளிவாசல் இடம் மாறும், ஏற்பாடு ஒன்றுதான். ஓஸ் அடைத்தாலோ கழன்றாலோ தட்டு நிரம்பி, லைனிங்கில் வழிந்து, விளக்கு ஓட்டை வழியாகவும் தூண் வழியாகவும் வண்டிக்குள் இறங்கும்.

இப்படியிருக்கக் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசுவது, மொட்டை மாடியில் தண்ணீர் போகிற குழாயை அடைத்துவிட்டு வானத்துக்குப் பந்தல் போடுவது போலத்தான்.

பிறகு சன்ரூஃபைத் திறந்து பார்த்தார். மோட்டார் முனகியது, ஒட்டிப்போயிருந்த பீடிங் கிர்ரென்று உரிந்து வந்தது. அந்தத் தட்டை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இடது முன்மூலையில் துளையே தெரியவில்லை. விரலால் தொட்டால் மெத்தென்று கறுப்பாக ஒரு விழுது. அண்ணாச்சி ஒரு ஈர்க்குச்சியால் கிண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புளிய இலை. தெரியும் இல்லையா, புளிய இலை ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மாவிலையோ பலா இலையோ விழுந்தால் கூரை மேலேயே கிடக்கும், காற்றில் பறக்கும். புளிய இலை மட்டும் கண்ணாடி இடுக்கில் நழுவி, தட்டில் விழுந்து, செம்மண் தூசியோடு ஊறி, குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கைபோல் ஆகிவிட்டது. அந்தச் சக்கைக்குள் கறுப்பு ரப்பர் துண்டு போல இரண்டு மூன்று கிடந்தன. பிசைந்து பார்த்தேன், சிலிக்கான். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் பிளேடால் சுரண்டியபோது விழுந்தவை. அடைத்து மூட வந்த பொருளே கடைசியில் வடிகாலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அடைப்பை எடுக்க அவர் கம்பி உபயோகிக்கவில்லை. இரும்புக் கம்பி உள்ளே போனால் ஓஸைக் கிழித்துவிடும், கிழிந்தால் லைனிங் முழுக்க இறக்க வேண்டும் என்றார். அவர் எடுத்தது தோட்டங்களில் காடு வெட்டுகிற மெஷினில் மாட்டும் நைலான் நரம்பு. 2.4 மில்லிமீட்டர் தடிமன். எங்கள் ஊரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே விட்டார். முட்டும் இடத்தில் தள்ளவில்லை, திருகினார். பையன் கீழே முன்கதவைத் திறந்து கீல் பக்கம் படுத்துக் கிடந்தான். ஓஸ் முடிகிற இடத்தில் ஒரு ரப்பர் வாய் இருக்கிறது, தண்ணீர் வந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும், பூச்சி ஏறாமலிருக்க. அதிலும் சேறு கட்டி இறுகியிருந்தது. அதை விரலால் பிதுக்கிவிட்ட அடுத்த நொடி தேநீர் நிறத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. பையனின் முகமெல்லாம் சேறு. அவன் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வலது பின்மூலைக்கு வேறு கதை. அங்கே அடைப்பு இல்லை. ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கியது, ஆனால் வெளியே வரவில்லை. டிக்கியில் வந்தது. லைனிங்கின் பின்பகுதியை இறக்கிப் பார்த்தால், ஓஸ் அதன் மூக்கிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் காற்றின் வேலை. பன்னிரண்டு வருட ஓஸ் வெயிலில் காய்ந்து விறைத்துப் போயிருக்கும், அடைப்பு இருக்கும்போது மேலிருந்து அவ்வளவு அழுத்தத்தில் காற்றடித்தால் பலவீனமான இடத்தில்தான் பிடுங்கும். விறைத்த பகுதியை வெட்டிவிட்டு, அதே அளவில் புது ஓஸ் போட்டு, சின்னக் கிளாம்ப் வைத்து இறுக்கினார். ஓஸுக்கும் கிளாம்புக்கும் சேர்த்து நூற்று எண்பது ரூபாய் ஆனது.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான். மேலே மேட்டிங் காய்ந்தது போல இருந்தாலும், அதன் அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு இருக்கிறது. அது தண்ணீர் குடித்தால் மாதக்கணக்கில் விடாது. சீட்டைக் கழற்றினால்தான் மேட்டிங்கை எடுக்க முடியும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுத்துத்தான் அதைத் தொட வேண்டும் என்று அண்ணாச்சி பையனிடம் இரண்டு தடவை சொன்னார். என் வண்டியில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததற்குக் காரணமும் அந்தக் கனெக்டரில் பிடித்த பச்சைக் களிம்புதான். பஞ்சைப் பிழிந்தபோது முக்கால் வாளி தண்ணீர் வந்தது. மழைக்கு இடையில் கிடைத்த வெயிலிலும், இரவில் டேபிள் ஃபேனிலுமாகக் காய மூன்று நாள் ஆயிற்று. கீழே தகடு லேசாகத் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு எல்லாவற்றையும் மாட்டினார்கள். கூலியும் சாமானும் சேர்த்து 4,200 ரூபாய். 87,400-க்கு எஸ்டிமேட் கொடுத்த இடத்தில் ஒருவர்கூட ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அதுதான். ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தால் என்னைச் சும்மா விடுவார்களா?

இப்போது மாதம் ஒரு தடவை, இலை அதிகம் கொட்டுகிற நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நானே பார்த்துவிடுகிறேன். மெக்கானிக் தேவையே இல்லை. மழை இல்லாத காலையில் சன்ரூஃபைத் திறந்து, தட்டை ஈரத்துணியால் துடைப்பேன். குழாய் வழியாக உணவு கொடுக்கிற 50 மில்லி சிரிஞ்ச் என் பையில் எப்போதும் உண்டு. அதில் தண்ணீர் எடுத்து முன்மூலை ஒவ்வொன்றிலும் மெதுவாக விடுவேன். பத்து எண்ணுவதற்குள் கீழே சொட்ட வேண்டும். பல வண்டிகளில் பின்மூலைத் துளைகள் திறந்த கண்ணாடிக்கு அடியில் மறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி, மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுத் தட்டில் தண்ணீர் விடுவது. அது தானே பின்னால் ஓடும். எங்கள் ஊரில் சரிவுக்கா பஞ்சம்! உள்ளே போன அளவு வெளியே வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இறங்குகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், உள்ளே ஓஸ் கழன்றிருக்கிறது.

பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் தடவியிருக்கிறேன். தூசியை வாரி ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். ரப்பர் பால் வெட்டுகிற ஊர்க்காரர்கள் என்பதால் ரப்பர் என்றால் எல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைப்பு. இந்த பீடிங் மரத்துப் பாலில் செய்ததில்லை. வெயிலையும் மழையையும் தாங்குவதற்கென்றே தயாரிக்கிற இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், எண்ணெய் அதற்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சிலிக்கான் கிரீஸ் என்று தனியாக விற்கிறார்கள், அதை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அடைக்கிற சிலிக்கான் வேறு, இந்த கிரீஸ் வேறு, கடையில் பார்த்து வாங்குங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் கூரை இடுக்கில் நேராகப் பிரஷர் பைப்பைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உள்ளே ஈரம் என்றாலே சன்ரூஃப்தான் காரணம் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. மழையே இல்லாத சித்திரையில் முன்சீட்டுக்காரர் காலடி மட்டும் நனைந்தால், ஏசித் தண்ணீர் வடிகிற குழாய் அடைத்திருக்கலாம். கை வைத்தால் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட் கசிகிறது, அதை உடனே பார்க்க வேண்டும். கதவின் உள்அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள் பிரிந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். எது என்று தெரிந்துகொள்ள நான் செய்தது, இரவில் காய்ந்த செய்தித்தாளைக் காலடியிலும், பின்னாலும், டிக்கியிலும் விரித்துவிட்டு, காலையில் எந்தத் தாள் எந்த ஓரத்திலிருந்து நனையத் தொடங்கியிருக்கிறது என்று பார்த்தது. ஈரம் தூணோரத்திலிருந்து பரவியிருந்தால் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சன்ரூஃப் என்பது பெரிய பணக்கார வண்டிகளில்தான் இருந்தது. இப்போது பத்து லட்சத்துக்குக் கீழேயே கிடைக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் நாலு வண்டி. குழந்தைகள் கேட்கிறார்கள் என்று ஆசையாக வாங்குகிறார்கள். புது வண்டியில் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. ஆனால் இந்த வண்டிகள் எல்லாம் எட்டு வருடம், பத்து வருடம் ஓடி, என்னைப் போல இரண்டாவது மூன்றாவது ஆளின் கைக்குத்தான் வரும். அப்போது ஓஸும் விறைத்திருக்கும், தட்டும் நிறைந்திருக்கும். எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் வண்டியை விடும்போது, சன்ரூஃப் வடிகால் நாலும் ஓடுகிறதா என்று ஒரு வரியை சர்வீஸ் அட்டையில் சேர்ப்பதில் கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? ஐந்து நிமிட வேலை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். சன்ரூஃப் திறந்து மூடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். ஸ்டெப்னி குழியில் கை விட்டுப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் மேட்டிங்கை அழுத்தி முகர்ந்து பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் அந்த வண்டி வேண்டாம்.

உங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு இதே யோசனையைச் சொன்னவர்களும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அச்சில் வந்த வார்த்தைக்கு மதிப்பு அதிகம். திருவட்டாற்றில் நான் பார்க்கப் போகும் ஒரு வீட்டில், உங்கள் இணைப்பைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் சிலிக்கான் ட்யூப் வாங்க மறுநாள் கடைக்குப் போவதாக இருந்தான். அவனை நிறுத்தி, வண்டியைத் திறக்கச் சொல்லி, சிரிஞ்சால் ஊற்றிக் காட்டினேன். இடது முன்மூலை இறங்கவில்லை. அவர்கள் வீட்டில் நிற்பது மாமரம், பூவும் பிசினுமாகக் கட்டியிருந்தது. இருபது நிமிடத்தில் சரியாயிற்று.

அந்த வீட்டுக்கு நான் போனேன், மற்ற வீடுகளுக்கு உங்கள் பத்திரிகைதான் போகும். ஆகவே, இடவப்பாதி தொடங்குமுன் வருகிற ஞாயிறு இணைப்பிலேயே, சிலிக்கான் வைத்து அடைக்கலாம் என்ற அந்த வரியைத் திருத்தி, முதலில் நான்கு மூலையிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.